சைகோனிலிருந்து பஸ்ஸில் கம்போடியா: எல்லையில் விசா கிடைக்குமா?

முத்தியால்பேட்டை மருமகள்:

வணக்கம். பொங்கல் முடிந்ததும், ஜனவரி கடைசியில் நான், என் கணவர், என் அம்மா மூவரும் வியட்நாம் போகிறோம். சும்மா சுற்றிப் பார்க்க மட்டும் இல்லை. என் தாத்தா சைகோனில் வேலை பார்த்தவர். அம்மா பிறப்பதற்கு முன்பே ஊர் திரும்பிவிட்டார். அங்கிருந்து அவர் கொண்டுவந்த மரப்பெட்டி இன்னும் எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறது. அம்மாவுக்கு இப்போது 66 வயது. அந்த ஊரையும் அங்கிருக்கும் மாரியம்மன் கோயிலையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவ்வளவு தூரம் போகும்போது கம்போடியாவின் அங்கோர் வாட்டையும் பார்த்துவிடலாம் என்று ஆசை. சைகோனிலிருந்து கம்போடியத் தலைநகர் புனோம் பென்னுக்கு நேராக பஸ் இருக்கிறதாம். எல்லையிலேயே விசா அடித்துத் தருவார்கள் என்கிறார்கள். இணையத்தில் ஒருவர் 30 டாலர் என்கிறார், இன்னொருவர் 40 என்கிறார். பஸ்காரரே எல்லாம் பார்த்துக்கொள்வார் என்றும் சொல்கிறார்கள். பஸ்காரரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்கலாமா? எனக்குத் தெரிந்த ஒரே எல்லை பாண்டிச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் இருக்கும் முள்ளோடைதான். அங்கே போலீஸ் ஏறி பைக்குள் பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் மாமனார் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர், அதனால் கணவருக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட். பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த 1962இல் எங்கள் தாத்தா பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுக்காமல் விட்டுவிட்டார். அதனால் எனக்கும் அம்மாவுக்கும் இந்திய பாஸ்போர்ட். சைகோன் போக, வர விமான டிக்கெட் எடுத்தாகிவிட்டது. வியட்நாம் விசாவுக்கு இன்னும் போடவில்லை. "எனக்கு விசாவே வேண்டாம், நீங்கள் இருவரும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கணவர் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

பீச்ரோடு பாண்டி:

ரொம்ப யோசிக்காதீங்க. கம்போடியா எல்லையில் இந்தியர்களுக்கு அங்கேயே விசா உண்டு. 30 டாலர், ஒரு போட்டோ, பாஸ்போர்ட். வேலை முடிந்தது. என்ஜாய்!

கெடிலக்கரையான்:

பாண்டி தம்பி சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் போகிற வழியை மட்டும்தான் சொல்லியிருக்கிறார். நான் மாட்டிக்கொண்டது வருகிற வழியில். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். மருமகள் அம்மா, இதைப் படித்துவிட்டு அப்புறம் விசாவுக்குப் போடுங்கள்.

2024 டிசம்பரில் நான், மனைவி, எட்டாவது படிக்கும் மகன் மூவரும் இதே வழியில் போனோம். எனக்கு கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் சின்ன ஹார்டுவேர் கடை. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து படிவம் நிரப்ப நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. ஒரு ஏஜென்ட்டிடம் கொடுத்துவிட்டேன். ஆளுக்கு 4,500 ரூபாய் வாங்கினார். வியட்நாம் அரசுக்கு அவர் கட்டியது 25 டாலர்தான், அன்றைய கணக்கில் ஏறத்தாழ 2,100 ரூபாய். அது கூடப் பரவாயில்லை. அவரும் நாலு காசு பார்க்க வேண்டாமா? ஆனால் நாங்கள் கம்போடியா போய்த் திரும்பி வருவோம் என்று அவரிடம் தெளிவாகச் சொன்னேன். "எல்லாம் கரெக்டா இருக்கு சார்" என்று மூன்று தாளைக் கையில் கொடுத்தார். நானும் பெயரையும் போட்டோவையும் பார்த்துவிட்டுப் பையில் வைத்தேன். நடுவில் 'சிங்கிள் என்ட்ரி', அதாவது ஒரே ஒருமுறைதான் நுழையலாம் என்று அச்சடித்திருந்ததை யார் பார்த்தது?

போகும்போது எல்லாம் வெண்ணெய். சைகோனில் பாம் ங்கூ லாவ் தெருவிலிருந்து காலையில் பஸ். எல்லை அங்கிருந்து 70 கிலோமீட்டர்தான். வியட்நாம் பக்கம் பெயர் மோக் பாய், கம்போடியா பக்கம் பவெட். வண்டி கிளம்பி அரை மணி நேரத்தில் பஸ் பையன் வந்தான். எல்லார் பாஸ்போர்ட்டையும் வாங்கி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினான். விசா இல்லாதவர்களிடம் 35 டாலர். அரசுக் கட்டணம் 30, மீதி ஐந்து அவன் ஓடியாடுவதற்கு. பாஸ்போர்ட்டைக் கொடுக்க எனக்கும் கை வரவில்லை. ஆனால் அந்த பஸ்ஸில் வெள்ளைக்காரர், கொரியர், உள்ளூர்க்காரர் எல்லாருமே கொடுத்தார்கள். அங்கே நடைமுறையே அப்படித்தான்.

மோக் பாயில் இறங்கி ஒரு கூடத்தில் நிற்க வேண்டும். கட்டோடு பாஸ்போர்ட் ஜன்னலுக்குள் போகும். பெயர் கூப்பிட்டதும் வாங்கிக்கொண்டு வெளியே வரலாம். நம் பெயரை அவர்கள் வாயில் கேட்டால் நமக்கே தெரியாது, அதனால் போட்டோவைப் பார்த்துக்கொண்டே நில்லுங்கள். திரும்ப வண்டி ஏறி, கொஞ்ச தூரத்தில் பவெட். அங்கே கைரேகை, முத்திரை. விசா என்பது பாஸ்போர்ட்டில் ஒரு முழுப் பக்கத்தை அடைக்கிற ஸ்டிக்கர், 30 நாள் தங்கலாம். எங்களுக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து ஒன்றேகால் மணி நேரம் ஆனது. பவெட்டைத் தாண்டினால் வரிசையாக சூதாட்ட விடுதிகள். வெயிலில் தூசி பறக்கிற ரோட்டில் கண்ணாடி மாளிகை மாதிரி நிற்கும். என் மகன், "அப்பா, இது லாஸ் வேகாஸா?" என்று கேட்டான்.

இப்போது திரும்பி வந்த கதை. வெள்ளிக்கிழமை காலை புனோம் பென் பஸ் ஆபீஸ். சனிக்கிழமை இரவு எங்களுக்கு சைகோனிலிருந்து விமானம். கவுன்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டையும் வியட்நாம் தாளையும் புரட்டினாள். "சிங்கிள். யூஸ்டு" என்று இரண்டே வார்த்தை. டிக்கெட் தர மாட்டேன் என்றுவிட்டாள். அப்போது அவள்மேல் கோபம் வந்தது. இப்போது யோசித்தால் கும்பிட வேண்டும். அவள் ஏற்றிவிட்டிருந்தால் கம்போடியா வெளியேறும் முத்திரை குத்தியிருக்கும், வியட்நாம் உள்ளே விட்டிருக்காது. நடுவில் நின்றிருப்போம். ஏனென்றால் வியட்நாமின் தரை எல்லையில் நமக்கு உடனடி விசா என்பதே கிடையாது. கம்போடியாவில் உண்டே, அதனால் இங்கேயும் இருக்கும் என்று நினைத்துத்தான் ஏமாறுகிறோம்.

அன்றே மூன்று பேருக்கும் புதிதாக இ-விசாவுக்கு, அதாவது இணையத்தில் எடுக்கும் விசாவுக்குப் போட்டேன். 75 டாலர். மூன்று வேலை நாள் என்கிறார்கள். நடுவில் சனி, ஞாயிறு. புதன் சாயங்காலம் வந்தது. விமானம் போய்விட்டது. புனோம் பென்னிலிருந்தே நேராக ஊருக்கு டிக்கெட் எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பெரிய பெட்டி சைகோன் ஹோட்டலில் இருந்ததே! இரண்டு நாள்தானே என்று கைப்பையோடு கிளம்பியிருந்தோம். அந்தப் பெட்டிக்குள் மனைவியின் பட்டுப் புடவை இரண்டு. அதை விட்டுவிட்டு வருவோம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. டிக்கெட், ஹோட்டல், சாப்பாடு எல்லாம் சேர்த்து 70,000 ரூபாய்க்கு மேல் போனது.

உங்களுக்கு நான் சொல்வது இது. வியட்நாம் இ-விசா போடும்போது 'மல்டிபிள்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை என்றால் 50. 2023 ஆகஸ்ட்டிலிருந்து 90 நாள் வரை தருகிறார்கள். அந்தத் தாளில் எந்த இடம் வழியாக நுழைகிறீர்கள் என்பதும் அச்சாகும். சைகோன் விமான நிலையம், அதாவது தான் சொன் நியட் என்று போடுவீர்கள். அப்புறம் பஸ்ஸில் மோக் பாய் வழியாகத் திரும்பி வந்து, தாளில் வேறு இடம் இருக்கிறதே என்று அதிகாரி கேட்டால் எதற்கு அந்த வாதம்? போகும்போது பஸ், வரும்போது விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புனோம் பென்னிலிருந்து சைகோனுக்கு ஒரு மணி நேரப் பறப்புகூட இல்லை. இரண்டு முறையும் நுழைவது ஒரே வாசலாகிவிடும். அம்மாவுக்கும் ஒரு பஸ் பயணம் மிச்சம்.

விமான டிக்கெட்டை நீங்கள் இன்னும் எடுக்காமல் இருந்திருந்தால் சைகோனில் இறங்கி, புனோம் பென்னிலோ அங்கோர் பக்கத்து ஊரான சியம் ரீப்பிலோ ஏறி ஊர் திரும்பச் சொல்லியிருப்பேன். சிங்கிளே போதும்.

இன்னொன்று. தாய்லாந்து வழியாக பஸ்ஸில் வரலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2025 ஜூலை மோதலோடு அந்த எல்லையை முழுதாக மூடினார்கள்.

வில்லியனூர் வாத்தியார்:

கெடிலக்கரையான் சாருக்கு நன்றி. ஒரே ஒரு இடத்தில் அவரோடு ஒத்துப்போக மாட்டேன். அந்த ஐந்து டாலரை ஏன் கொடுக்க வேண்டும்? கம்போடியாவுக்கும் இ-விசா இருக்கிறது. பவெட் எல்லையில் ஏற்றுக்கொள்கிறார்கள். வீட்டிலேயே போட்டு, இரண்டு பிரதி அச்செடுத்து எடுத்துப் போனால் உள்ளே ஒன்று, வெளியே வரும்போது ஒன்று. நான் அப்படித்தான் போனேன். பஸ் பையன் முகம் சுருங்கியது உண்மை, ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. எல்லையில் ஸ்டிக்கர் வாங்குகிறவர்களுக்காக நாங்கள் காத்திருந்தோமே தவிர, எங்களுக்காக யாரும் காத்திருக்கவில்லை. 66 வயது அம்மாவை அழைத்துப் போகிறவர் வரிசையில் நிற்கிற நேரத்தைக் குறைப்பது நல்லது.

கவனம்: தேடினால் முதலில் வருவதெல்லாம் தரகர் தளங்கள். இரண்டு நாட்டுக்கும் அரசின் சொந்தத் தளம் இருக்கிறது. முகவரியில் 'கவ்' (gov) என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அட்டை எண்ணைக் கொடுங்கள்.

சென்னை விமான நிலையத்தில் கம்போடியா என்றதும் நம் குடியேற்ற அதிகாரி நாலு கேள்வி அதிகமாகக் கேட்கலாம். கோபப்படாதீர்கள். கணினி வேலை என்று ஆசை காட்டி நம் பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் அடைத்து வைத்து, போனில் ஊரை ஏமாற்றும் வேலை வாங்கினார்கள். 2024 மார்ச் வரை 250 பேரளவில் மீட்டு அனுப்பியதாக நம் வெளியுறவுத் துறையே சொன்னது. என்னிடம் படித்த பையன் ஒருவன் அப்படிக் கிளம்பத் தயாராக இருந்தான், அவன் அம்மா வந்து அழுததால் எனக்குத் தெரிந்தது. ஆகவே கேட்கட்டும். திரும்பும் டிக்கெட், ஹோட்டல் பதிவு இரண்டையும் தாளில் வைத்திருங்கள். குடும்பமாகப் போகிறவர்களுக்குப் பிரச்சினை இருக்காது.

முத்தியால்பேட்டை மருமகள்:

கெடிலக்கரையான் அண்ணா, நல்ல வேளை! நேற்று சாயங்காலம் சிங்கிள் என்று பாதி நிரப்பி வைத்திருந்தேன். உங்கள் பட்டுப் புடவைக் கதையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் உங்கள் மனைவி பக்கம்.

மூன்று சந்தேகம். அம்மாவின் பாஸ்போர்ட் வருகிற மே மாதம் காலாவதி ஆகிறது, ஜனவரியில் போவதால் பரவாயில்லைதானே? அம்மா பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கிறது, படிவத்தில் என்ன போடுவது? டாலர் எவ்வளவு எடுத்துப் போக வேண்டும்?

கெடிலக்கரையான்:

தங்கச்சி, பரவாயில்லை இல்லை! நுழையும் நாளிலிருந்து ஆறு மாதம் செல்லுபடி இருக்க வேண்டும் என்பது கம்போடியாவின் விதி. மே வரை என்றால் ஏறத்தாழ நாலு மாதம்தான். எல்லையில் நிறுத்திவிடுவார்கள். விசாப் படிவத்தை மூடி வையுங்கள். முதலில் அம்மா பாஸ்போர்ட்டைப் புதுப்பியுங்கள், புதுச்சேரியிலேயே சேவா கேந்திரம் இருக்கிறது. புது பாஸ்போர்ட்டுக்கு எண் மாறிவிடும். பழைய எண்ணில் விசா வாங்கினால் அது வெறும் தாள்.

பெயர் விஷயத்தில் சொந்த புத்தியைப் பயன்படுத்தக் கூடாது. பாஸ்போர்ட்டில் போட்டோ இருக்கும் பக்கத்தின் அடியில் இரண்டு வரி இயந்திர எழுத்து இருக்கும் பாருங்கள், அங்கே எப்படி இருக்கிறதோ அப்படியே. இன்ஷியலை விரித்து அப்பா பெயரைச் சேர்ப்பது, வீட்டுக்காரர் பெயரை ஒட்டுவது எல்லாம் நம்மூர் விண்ணப்பத்தோடு நிற்கட்டும். ஒரு எழுத்து மாறினாலும் அவர்களுக்கு அது வேறு ஆள்.

போட்டோவில் கண்ணாடி கூடாது. அம்மா கண்ணாடி போடுபவர் என்றால் கழற்றிவிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

டாலரைப் பொறுத்தவரை எவ்வளவு என்பதைவிட எப்படி என்பது முக்கியம். கம்போடியாவில் கடைத்தெரு வரை டாலர் ஓடும். ஒரு டாலருக்கு 4,000 ரியல் என்ற கணக்கில் சில்லறை தருவார்கள். ஆனால் ஓரத்தில் துளி கிழிசல் இருந்தாலும் அந்த நோட்டை வாங்க மாட்டார்கள். கடலூரில் நான் டாலர் வாங்கியபோது எண்ணி மட்டும் பார்த்தேன். பேனாவால் கோடு போட்ட ஐம்பது டாலர் நோட்டு ஒன்று ஊர் முழுக்கச் சுற்றி என்னோடே திரும்பி வந்தது. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒன்று, ஐந்து, பத்து என்று சில்லறையாகவும் கேளுங்கள். அங்கோர் சீட்டு ஒரு நாளைக்கு 37, மூன்று நாளைக்கு 62 டாலர். அம்மாவுக்கு முழங்கால் எப்படி? படிகள் செங்குத்து. மூன்று நாள் சீட்டு எடுத்து, வெயிலுக்கு முன்பு போய் மெதுவாகப் பாருங்கள்.

வாத்தியார் சார், ஐந்து டாலர் விஷயத்தில் நீங்கள் சொல்வதே சரி. நான் அந்தப் பையனுக்குக் கொடுத்ததில் எனக்கு வருத்தமும் இல்லை.

அப்புறம் மாப்பிள்ளைக்கு ஒரு செய்தி சொல்லுங்கள். பிரெஞ்சு பாஸ்போர்ட்டுக்கு 45 நாள் விசா வேண்டாம் என்பது வியட்நாமில் மட்டும்தான். எத்தனை முறை போய் வந்தாலும் சரி, முன்பு இருந்த முப்பது நாள் இடைவெளி விதியை 2020இல் எடுத்துவிட்டார்கள். கம்போடியாவுக்கு அவருக்கும் விசா வேண்டும். பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர் என்று சும்மா விட மாட்டார்கள். ஊர் திரும்பி சென்னையில் இறங்க ஓசிஐ அட்டையையும் (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) மறக்காமல் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை மருமகள்:

பிப்ரவரி வந்துவிட்டது, நாங்களும் வந்துவிட்டோம். இங்கே கேட்டுவிட்டு நடந்ததைச் சொல்லாமல் போவது அழகில்லை.

அம்மாவுக்குப் புது பாஸ்போர்ட் டிசம்பர் இரண்டாம் வாரம் வந்தது. அதன் பிறகுதான் விசாவுக்குப் போட்டேன். இருவருக்கும் 'மல்டிபிள்', நுழைவது தான் சொன் நியட், வெளியேறுவது மோக் பாய். என்னுடையது ஐந்தாம் நாள் வந்தது. அம்மாவுடையதற்கு வேறு போட்டோ கேட்டார்கள். கண்ணாடியைக் கழற்றியிருந்தார், ஆனால் சாய்ந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். காந்தி வீதி ஸ்டுடியோவில் இரண்டாவது முறை நேராக உட்கார வைத்து எடுத்தோம்.

கம்போடியாவுக்கு எனக்கும் அம்மாவுக்கும் இ-விசா, இரண்டு பிரதி. கணவருக்கும் சேர்த்துப் போடுகிறேன் என்று மூன்று முறை கேட்டேன். "அந்த ஊர் எல்லாம் எங்களுக்குத் தெரியும், அங்கேயே பார்த்துக்கொள்கிறேன்" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

பஸ்ஸில் எல்லாம் நீங்கள் சொன்னபடியே. ரப்பர் பேண்ட், கட்டு, கூடம். பவெட்டில் அம்மாவின் தாளைப் பார்த்தார்கள், விரலை வைக்கச் சொன்னார்கள், முத்திரை குத்தினார்கள். அம்மாவின் விரல் ரேகை இரண்டு முறை பதியவில்லை, அரிசி களைந்து களைந்து தேய்ந்த கை. அந்த அதிகாரி ஒரு ஈரத் துணியைக் கொடுத்துத் துடைக்கச் சொன்னார், மூன்றாவது முறை பதிந்தது. நாங்கள் வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்துவிட்டோம்.

கணவரைக் காணவில்லை. 35 டாலர் கொடுத்திருந்தார். போட்டோ கொண்டுவரவில்லை, அதற்குத் தனியாக இரண்டு டாலர். படிவத்தில் பிறந்த ஊர் பாண்டிச்சேரி, குடியுரிமை பிரான்ஸ், முகம் எங்களைப் போல. ஜன்னலுக்குள் இருந்தவர் பாஸ்போர்ட்டைப் பார்ப்பதும் இவரைப் பார்ப்பதுமாக இருந்திருக்கிறார். பக்கத்து ஜன்னல்காரரையும் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். பஸ்ஸில் எல்லாரும் ஏறி முடித்து, டிரைவர் இன்ஜினை ஓட விட்டபிறகு கடைசி ஆளாக வந்து ஏறினார். பக்கத்து சீட் கொரியப் பெண்கள் கைதட்டினார்கள்.

நியாக் லோங்கில் மேகாங்கைத் தாண்டும் பாலம் வந்தபோது அம்மாவை எழுப்பினேன். ஜப்பான் உதவியில் கட்டி 2015இல் திறந்தார்களாம், அதற்கு முன்பு பஸ்ஸைப் படகில் ஏற்றித்தான் கடந்தார்கள். ஆற்றைப் பார்த்துவிட்டு "கொள்ளிடத்தில் வெள்ளம் வந்த மாதிரி இருக்கு" என்றார் அம்மா.

திரும்பும்போது விமானம். புனோம் பென்னில் 2025 செப்டம்பரில் திறந்த புது விமான நிலையம், ஊரைவிட்டு நன்றாகத் தள்ளி இருக்கிறது, நேரம் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். தான் சொன் நியட்டில் என் தாளையும் அம்மா தாளையும் பார்த்து ஒரு கேள்வி கேட்காமல் விட்டார்கள்.

கடைசி நாள் காலையில் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். பென் தான் சந்தைக்குப் பக்கத்தில், துரோங் தின் தெரு. வியட்நாம்காரர்கள் ஊதுவத்திக் கட்டோடு வந்து, சுவரில் நெற்றியை வைத்து ஏதோ முணுமுணுத்து வேண்டிக்கொள்கிறார்கள். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் அவரும் போய் அவர்கள் பக்கத்தில் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

கணவர் இந்தத் திரியைப் படித்துவிட்டார். அவருடைய பதில்: போட்டோவுக்கு இரண்டு டாலர் இல்லை, ஒன்றுதான்.